பல்செட் தேர்வுக்குப் பாட்டியையே கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் மகள் பி.டி.எஸ். (பல் மருத்துவம்) இறுதியாண்டு படிக்கிறாள். பல்செட் செய்து காட்டும் தேர்வுக்கு ஒரு பல்கூட இல்லாத நோயாளியை அவளே கூட்டி வர வேண்டுமாம். புரோக்கர் ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். என் மாமியாருக்குப் பல் இல்லை. வயது 70, சர்க்கரை உண்டு, பழைய பல்செட் போட்டிருக்கிறார். அவரை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. முன்கூட்டியே துறையில் காட்டி, "இந்த கேஸ் சரி" என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்குக் காட்டும் அதே தாத்தாவை இன்னும் இரண்டு பேருக்குப் பேசி வைத்திருப்பார். தேர்வன்று காலை போன் ஸ்விட்ச் ஆஃப். 4 வருடப் படிப்பு ஒரு பெரியவர் பஸ் ஏறுவாரா மாட்டாரா என்பதில் தொங்குகிறது! ஓ.பி.யில் வரும் பல்லில்லாதவர்களை நோட்டில் எழுதி, மாணவர்களுக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்தால் புரோக்கருக்கு என்ன வேலை? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைச் சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, மாமியார் விஷயம். இன்றைக்கே பழைய செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். செட் உட்காரும் இடம் மட்டும் கோடு கிழித்த மாதிரி சிவந்திருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இரவும் பகலும் செட்டைக் கழற்றாதவர்களுக்கு வருவது. சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபமாக வரும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். நம்பாதீர்கள். வீங்கிய ஈறில் அளவு எடுத்தால், வீக்கம் வற்றியதும் புது செட் ஆடும். மருந்து போட்டு, செட்டைத் தேய்த்துக் கழுவி, இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வந்தாலும் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் தேர்வு வந்துவிட்டால் வேறு நோயாளிதான் பார்க்க வேண்டும். சிவப்பு இல்லையென்றாலும், அளவு எடுப்பதற்கு முந்தைய நாளே செட்டைக் கழற்றிவிட வேண்டும். அன்று கஞ்சியோ, சாம்பாரில் ஊறிய இட்லியோ கொடுங்கள்.

அப்புறம், கடி. பல்லில்லாதவர்களைக் கடிக்கச் சொன்னால் கீழ்த்தாடையை முன்னால் நீட்டிவிடுவார்கள். அந்த அளவு தப்பினால், அதை வைத்து அடுக்கும் பல்லெல்லாம் தப்பு. நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் தொட்டபடி மெதுவாக வாயை மூட, பேத்தி வீட்டிலேயே பழக்கட்டும்.

தேர்வன்று வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். மாத்திரை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், முறை வருவதற்குள் கை நடுங்கி வியர்த்துவிடும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை, பையில் கொஞ்சம் குளுக்கோஸ்.

தேர்வு முடிந்ததும் மெழுகில் அடுக்கிய பல் முழு செட்டாக மாறாமல் அலமாரியிலேயே தூங்கிப்போவதும், நோயாளி வெறும் வாயோடு வீடு திரும்புவதும் நிறைய நடக்கிறது. உங்கள் வீட்டில் அது நடக்காது. "என் பல் எங்கேடி?" என்று பாட்டி தினமும் கேட்பார்.