அந்தப் பையனின் பெயர் என்ன?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ எங்களுக்குப் பாடம். ஆளில்லாத தீவில் பெரியவர்கள் யாருமில்லாமல் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்களின் கதை. சங்கு என்றால் ஜனநாயகம், கண்ணாடி என்றால் அறிவு, தீ என்றால் நம்பிக்கை என்று நோட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். என் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். வீட்டுக் கொல்லையில் சங்கு குவிந்து கிடக்கும். அதைப் பார்த்து எனக்கு ஜனநாயகம் எதுவும் தோன்றியதில்லை. அது போகட்டும். என் தம்பிக்கு 13 வயது, வீட்டில் சாது. போன மாதம் அவனும் கூட்டாளிகளும் ஒரு திக்குவாய்ப் பையனை இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் கடலுக்குள் விரட்டி, மணலை வாரி அடித்துச் சிரித்திருக்கிறார்கள். கேட்டால், “நான் அங்க இல்லக்கா, முன்னாடியே வந்துட்டேன்” என்கிறான். அவன் அங்கே நின்றதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். நாவலைப் படித்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. மனிதர்கள் எல்லோரும் உள்ளுக்குள் இப்படித்தானா?
– ஒரு வாசகி, மண்டபம்

அன்பு மகளே,

உன் தம்பி சொன்னதை நாவலிலும் இருவர் சொல்கிறார்கள், கவனித்தாயா? இரவில், மழையும் இடியுமாக இருக்கும்போது, பிள்ளைகள் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். காட்டுக்குள்ளிருந்து சைமன் என்ற பையன் தவழ்ந்து வருகிறான். மலையுச்சியில் இருப்பது அவர்கள் பயந்துகொண்டிருக்கும் மிருகம் இல்லை, பாராசூட்டில் தொங்கும் ஒரு பிணம் என்று சொல்ல வருகிறான். அவனையே மிருகம் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அந்த வட்டத்தில் நல்லவர்களான ரால்ஃபும் பிக்கியும்கூட இருந்தார்கள். மறுநாள் காலையில் ரால்ஃப் சங்கை மடியில் வைத்துக்கொண்டு, நடந்தது கொலை என்கிறான். பிக்கி அதை ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டில் நடந்த விபத்து என்கிறான். இரட்டையர் சாமும் எரிக்கும், களைப்பாக இருந்ததால் சீக்கிரமே போய்விட்டோம் என்கிறார்கள்.

எனக்கு இந்த நாவலில் மிகவும் வலிப்பது சாவு நடந்த அந்த இரவைவிட இந்தக் காலைதான். ஆனால் உனக்கு ஆறுதலும் இங்கேதான் இருக்கிறது. பொய் சொல்கிறவனுக்கு வெட்கம் இருக்கிறது. ‘ஆமா, விரட்டினோம், அதுக்கென்ன?’ என்று உன் தம்பி கேட்டிருந்தால் நானும் பயந்திருப்பேன்.

சரி, சங்குக்கு வருவோம். நோட்ஸில் இருப்பது தப்பில்லை, ஆனால் அது பெட்டிமேல் ஒட்டிய சீட்டு மாதிரி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை உன் அப்பாவிடம் கேள். கடலிலிருந்து எடுத்த சங்கு அப்படியே ஊதாது. உள்ளே சதை இருக்கும், நாற்றம் இருக்கும். அதையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து, நுனியை வெட்டித் துளை போட்டால்தான் ஒலி வரும். நாவலில் வரும் சங்கு ஒன்றரை அடி நீளம், நுனி தானாகவே தேய்ந்து சின்னத் துளை விழுந்திருக்கிறது. அதை எப்படி ஊதுவது என்று தெரிந்தவன் பிக்கி. ஆஸ்துமாவால் அவனால் ஊத முடியாது. ஊதுகிற ரால்ஃபைத் தலைவனாக்குகிறார்கள். இது ஒன்றை மட்டும் விரித்து எழுதினாலே உன் பரீட்சை விடை தனியாகத் தெரியும்.

அப்புறம், நம்மிடம் ஒரு சொல் உண்டு: செவிடன் காதில் ஊதிய சங்கு. கோல்டிங்கின் சங்கு மெல்ல மெல்ல அப்படித்தான் ஆகிறது. அது வெயிலில் வெளுத்துக்கொண்டே போகிறது, ஆனால் ஒலி குறையவில்லை. கேட்கிறவர்கள்தான் குறைகிறார்கள். தீவின் இந்தப் பக்கம் சங்குக்கு மதிப்பில்லை என்று, ரால்ஃபுக்கு எதிராகத் தனிக் கூட்டம் சேர்த்த ஜாக் சொல்லும்போது அதில் ஒரு கீறல்கூட இல்லை. பாறை உருண்டு வந்து பிக்கியைக் கொன்று சங்கைத் தூளாக்குவது அதற்குப் பிறகுதான்.

‘சங்கு சுட்டாலும் வெண்மை தரும்’ என்று மூதுரையில் படித்திருப்பாய். கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே என்பது ஔவையின் நம்பிக்கை. கோல்டிங்கால் அப்படி நம்ப முடியவில்லை. பள்ளிப் பையன்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், 1944இல் நார்மண்டிப் படையெடுப்பில் பங்கெடுத்தவர். நல்ல வீட்டுப் பிள்ளைகள், தேவாலயத்தில் பாடுகிற பிள்ளைகள், நெருப்பில் போட்டால் என்ன ஆவார்கள் என்று 1954இல் இந்த நாவலில் கேட்டார்.

காட்டுமிராண்டித்தனம் முகத்தில் சாயம் பூசியதும்தான் தொடங்குகிறது என்று பலரும் எழுதுவார்கள். முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படி. பள்ளியில் தன்னை ‘பிக்கி’ என்று கூப்பிடுவார்கள், அதை யாரிடமும் சொல்லாதே என்று அந்தக் குண்டுப் பையன் கெஞ்சுகிறான். கொஞ்ச நேரத்திலேயே எல்லார் முன்னாலும் ரால்ஃப் அதைப் போட்டு உடைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். தீவில் விழுந்த முதல் அடி அதுதான், அடித்தவன் கதையின் நல்லவன். கடைசி வரை அந்தப் பையனின் உண்மைப் பெயர் ரால்ஃபுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஜாக்கின் கூட்டத்தில் சேர்ந்த ரோஜரையும் பார். ஆரம்பத்தில் அவன் ஒரு சின்னப் பையனைச் சுற்றிக் கல்லெறிகிறான், மேலே மட்டும் படாமல். அம்மா அப்பா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிறகு அந்தப் பிடி விட்டுப்போகிறது, பாறையை உருட்டியவன் அவன்தான். உன் தம்பியைச் சுற்றி அந்தப் பிடி இன்னும் இருக்கிறது. பார்த்த பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், தூக்கம் கெட்ட நீ இருக்கிறாய்.

எல்லோரும் இப்படித்தானா என்று கேட்டாய். இல்லை. 1965இல் டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் படகில் போய்ப் புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார்கள். வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, மூட்டிய தீயை அணையாமல் காத்தார்கள். சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் தணிந்ததும் திரும்பி வருவார்கள். ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 1966இல் மீட்கப்பட்டார்கள். இதனால் கோல்டிங் பொய்யாகிவிட மாட்டார். அவர் சொன்னது நடக்கக்கூடியது, ஆனால் நடந்தே தீரும் என்பதில்லை.

இப்போது தம்பி. அவனைக் கூட்டாளிகள் முன்னால் கேட்காதே, அப்பா முன்னாலும் வேண்டாம். சாயங்காலம் கரைப்பக்கம் தனியாகக் கூட்டிப் போ. ‘நீ அடிச்சியா?’ என்று தொடங்கினால் மறுபடி ‘இல்லக்கா’ என்றுதான் வரும். நீ அங்கே நின்றது எனக்குத் தெரியும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அந்தப் பையனின் பெயர் என்ன என்று கேள். உன் கடிதத்திலும் அவன் பெயர் இல்லை மகளே, ‘திக்குவாய்ப் பையன்’ என்றுதான் எழுதியிருக்கிறாய். உன்னைக் குத்த இதைச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம்.

பெயர் தெரிந்த பிறகு, இரண்டு பேருமாக அவன் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பைத் தம்பியே கேட்கட்டும், நீ கூட நின்றால் போதும். அவன் பதில் சொல்ல நேரமாகும், வார்த்தை வர வர நிற்கும். முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்.