பதிவேட்டில் டாக்டரைத் தேடுவோருக்கு: கேள்வி-பதில்

எங்கள் டாக்டர் பெயர் கார்த்திக். அவர்மேல் நடவடிக்கை ஏதாவது உண்டா? (தஞ்சாவூர்)

இந்தத் தகவலை வைத்து என்னத்தைத் தேடுவது? மருந்துச் சீட்டைப் பாருங்கள். சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் அந்த எண்ணோடு, டாக்டரைப் பதிவு செய்த மாநில மருத்துவக் கவுன்சிலையும் சேர்த்துத் தேடுங்கள். எண்ணை மட்டும் போட்டால் பல மாநில டாக்டர்கள் வந்து நிற்பார்கள். தந்தை பெயர், பல்கலைக்கழகம், பட்டம் பெற்ற ஆண்டு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். இனிஷியலை நம்பாதீர்கள்.

பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் சுத்தமானவர்தானே? (ஈரோடு)

பதிவு பெற்றவர், அவ்வளவுதான்.

ஒரு டாக்டரைப் பதிவேட்டிலிருந்து ஆறு மாதம் நீக்கியதாகக் கேள்விப்பட்டோம். இணையத்தில் ஒன்றுமே இல்லையே? (மதுரை)

இல்லாமல் போகலாம். பெயரை நீக்கினால் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் மருத்துவச் சங்க வெளியீடுகளிலும் பரவலாக அறிவிக்க வேண்டும் என்கிறது அதே 2002 நடத்தை விதிகளின் 8.2. இணையதளத்தில் போடு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெறும் எச்சரிக்கை என்றால் அந்த அறிவிப்பும் வேண்டியதில்லை, கோப்போடு முடிந்தது. மாநிலக் கவுன்சில் தகவல் அனுப்பித்தான் தேசியப் பதிவேடு மாற வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் ஆறு மாதத் தண்டனையே முடிந்துவிடலாம். இடையில் கோர்ட் தடை வந்தால் தண்டனையும் நிற்கும். பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில், இடைநீக்கமும் நிபந்தனையும் டாக்டர் பெயருக்குக் கீழேயே தெரிகின்றன. இங்கே நோயாளிதான் அலைய வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மாநிலக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். "புகார் உண்டா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பிறப்பித்த இறுதி ஆணைகளின் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுத்தால், இதே சட்டத்தின் 8(2) பிரிவில் உள்ள பொதுநலனைக் காட்டி அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

புகார் கொடுத்து எட்டு மாதமாகிறது. தளத்தில் காணோம். (நாகர்கோவில்)

நிலுவையில் உள்ள புகார் எந்தத் தளத்திலும் வராது. ஆனால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்தைச் சொல்லி தேசிய மருத்துவ ஆணையத்துக்கு எழுதுங்கள். புகார் நகலை இணைக்க மறக்காதீர்கள்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் பட்டமே இல்லாமல் ஊசி போடுகிறார். கவுன்சில் ஏன் கண்டுகொள்ளவில்லை? (கடலூர்)

கவுன்சில் விசாரிப்பது பதிவு பெற்றவரை. போலி என்றால் போலீசுக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் போங்கள். ஓராண்டு சிறை, 5 லட்சம் அபராதம் வரை உண்டு. பல், சித்தா, ஹோமியோ டாக்டர்களுக்குத் தனித்தனிப் பதிவேடு. அங்கெல்லாம் தேடாமல் போலி என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எண்ணைக் கேட்டு வாங்கினீர்களா?

அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். தேசிய டாக்டர் தரவு வங்கியில் பார்க்கலாமா? (கோவை)

முடியாது. டாக்டர்கள்மேல் எடுத்த நடவடிக்கைகளைச் சேர்த்து வைக்கும் வங்கி அது. 1990-லிருந்து இயங்குகிறது; ஆஸ்பத்திரிகள், லைசென்ஸ் வாரியங்கள் போன்ற அமைப்புகளுக்குத்தான் திறக்கும், பொதுமக்களுக்கு அல்ல. அந்த மாநில மருத்துவ வாரியத் தளத்தில் பாருங்கள். கலிபோர்னியா வாரியம் ஆணைகளையே முழுசாகப் போடுகிறது. டாக்டர் முன்பு வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் அந்த வாரியத்தையும் பாருங்கள், லைசென்ஸ் எண்ணோடுதான்.