டிக்கெட் எடுக்காமல் மான் பார்க்க

தம்பி, லண்டனின் நியூ மோல்டனுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது, மிருகக்காட்சிசாலை டிக்கெட் விலை நான்கு பேருக்குக் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகளுக்கு விலங்குகளைக் காட்ட வேறு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது: ரிச்மண்ட் பார்க். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பூங்கா என்றதும் பூப்பாத்தியையும் சிமெண்ட் பெஞ்சையும் நினைத்துவிடாதீர்கள். மொத்தம் 2,500 ஏக்கர். முதலாம் சார்லஸ் மன்னர் 1637இல் தன் வேட்டைக்காக வளைத்துப்போட்டு மதில் எழுப்பிய இடம். இன்றும் அறுநூறுக்கு மேற்பட்ட மான்கள் கூண்டில்லாமல் திரிகின்றன. உருவத்தில் பெரியது செம்மான். கோடையில் நம் புள்ளிமானைப்போல் தோன்றுவது ஃபேலோ மான்.

என்னைக் கேட்டால் அக்டோபரில் போங்கள். அது இணைசேரும் பருவம். ஆண் மான்கள் காய்ந்த பெரணியைக் கொம்பில் வாரிச் சுற்றிக்கொண்டு, திருவிழாக் காளைபோல் நிற்கும். முதல் வருடம் நான் பையிலிருந்த முறுக்கை நீட்டியபடி ஒன்றை நெருங்கினேன். தலையைத் தூக்கி அது ஒரு முக்காரம் போட்டது பாருங்கள், முறுக்கு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்! பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் படித்தேன்: ஐம்பது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், எதுவும் ஊட்டக்கூடாது. மே முதல் ஜூலை வரையிலும் கவனம் தேவை. தாய்மான்கள் பெரணிப் புதருக்குள் குட்டிகளை ஒளித்துவைத்திருக்கும். பிள்ளைகளைப் புதருக்குள் ஓடவிடாதீர்கள். உண்ணித் தொல்லையும் உண்டு, வீடு திரும்பியதும் கால்களைப் பாருங்கள்.

இலையுதிர்காலத்தில் செஸ்ட்நட் கொட்டைகள் கொட்டிக் கிடக்கும். நம் கை சும்மா இருக்காது. பொறுக்கக்கூடாது, அது மான்களின் தீனி.

தலைக்கு மேல் கீச்சென்று பச்சையாக ஒரு கூட்டம் பறந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நம் ஊர் வேப்பமரத்தில் பார்த்த அதே செந்தார்ப் பைங்கிளிதான். இங்கே குளிரைப் பழகிக்கொண்டு நம்மைவிட நன்றாகக் குடியேறிவிட்டது.

கிங்ஸ்டனில் 65ஆம் எண் பஸ் ஏறி பீட்டர்ஷாம் வாசலில் இறங்குங்கள். பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பஸ்ஸில் கட்டணமில்லை. வாசலருகே விளையாட்டுத் திடல். மேட்டில் ஏறினால் பெம்புரோக் லாட்ஜ் என்ற பழைய மாளிகை. அதன் தோட்டத்திலுள்ள ஹென்றி மன்னர் குன்றிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரம் மரங்களின் இடைவெளியில் தெரியும். அந்தப் பார்வையை மறைத்துக் கட்டடம் எழாதபடி விதியே இருக்கிறது. மே தொடக்கத்தில் போனால் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் இசபெல்லா தோட்டத்தில் அசேலியா பூத்திருக்கும்.

அடுப்பு மூட்ட அனுமதியில்லை. எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொள்ளுங்கள். சேறு நிச்சயம், பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டு, மாற்றுக் காலுறையும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.