ஜெர்மனியில் நன்றி சொல்வது எப்படி: ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மகளின் டீச்சர் பட்டு சால்வையைத் திருப்பிக் கொடுத்ததில் உங்கள் மனைவி அழுதுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அதை முதலில் சொல்கிறேன். அவர் உங்களை அவமதிக்கவில்லை. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் விலையுள்ள பரிசு வாங்கினால் அது லஞ்சக் கணக்கில் போய்விடும். பெர்லினில் ஒரு ஆசிரியை, வகுப்பே சேர்ந்து கொடுத்த ஏறக்குறைய 200 யூரோ பெறுமான சிலையை வாங்கிக்கொண்டதற்காக 4000 யூரோ கட்ட வேண்டி வந்தது; 2015 தொடக்கத்தில் எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. அங்கே அப்போது வரம்பு வெறும் 10 யூரோ. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆனால் பட்டு என்றால் யாருமே பயப்படத்தான் செய்வார்கள். அதற்குப் பதிலாக மகளை ஒரு படம் வரையச் சொல்லுங்கள், பின்பக்கம் நீங்கள் உங்கள் கையெழுத்தில் நாலு வரி எழுதுங்கள்: வந்த புதிதில் வாயே திறக்காத பிள்ளை இப்போது வீட்டில் ஜெர்மனில் பாடுகிறாள், உங்களால்தான் என்று. அதை வாங்க எந்த விதியும் தடை இல்லை.

இங்கே நன்றி என்பதில் பொருளின் மதிப்பைவிட, அவர் செய்த காரியத்தை நீங்கள் கவனித்தீர்களா என்பதுதான் பெரிது. பெரிய பரிசு கொடுத்தால் அவர்கள் தலையில் கடன் ஏற்றியது போல ஆகிவிடும்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு வருவோம். நீங்கள் இல்லாத நேரத்தில் பார்சலை வாங்கி வைக்கிறார், குப்பையில் எதை எந்தத் தொட்டியில் போடுவது என்று காட்டிக்கொடுத்தார், அவரே போட்ட ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தார் என்கிறீர்கள். நம் வீட்டில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், இல்லையா? இங்கே அந்த வெறும் பாட்டிலுக்கே மதிப்பு உண்டு. ஜாம் போடுகிறவர்களுக்கு அடுத்த வருடப் பழத்துக்குப் பாட்டில் வேண்டும். லேபிள் பசை போகக் கழுவி, மூடியோடு கொண்டுபோய்க் கொடுத்து, காலையில் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டோம், மகள் கடைசியில் ஸ்பூனால் வழித்தாள் என்று சொல்லிப் பாருங்கள், அந்த முகம் மலர்வதை! அதிலேயே கொஞ்சம் முறுக்கு போட்டுக் கொடுத்தாலும் தப்பில்லை. மைசூர்பாகு வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு நம் இனிப்பு திகட்டிவிடும்.

பூ கொண்டுபோவதானால் செவ்வந்தி மட்டும் வேண்டாம். நமக்கு அது மாலையில் வரும் பூ, இங்கே நவம்பரில் கல்லறைகளில் வைக்கும் பூ. சுற்றியிருக்கும் காகிதத்தை வாசலிலேயே பிரித்துவிட்டுக் கொடுப்பது பழைய மரியாதை, வயதானவர்கள் அதைக் கவனிப்பார்கள். அப்புறம், பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள்கூட முன்னால் சொல்லாதீர்கள், கெட்ட சகுனம் என்பார்கள். ஆபீஸில் உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவர வேண்டியதும் நீங்கள்தான். சாப்பிடப் போனால் டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டாம். பில் 27 யூரோ என்றால் பணம் நீட்டும்போதே 30 என்று சொல்லிவிடுங்கள், போதும்.

இனி, ஒரு வார்த்தைகூடப் பாராட்டாத உங்கள் மேலாளர். திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு என்று ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் ஒரு பழமொழியே உண்டு, நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அந்த ஊருக்குத்தான். நல்லா செஞ்சீங்க என்று வாயால் சொல்லாதவர் உங்களிடம் கடினமான வேலையை நம்பிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். எனக்கும் இந்த மௌனம் பிடிக்காது, அதில் ஒரு வறட்சி இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள் என்று இன்றும் தோன்றும். ஆனால் அது வெறுப்பு இல்லை.

பாராட்டு இங்கே தாளில்தான் கனமாக வரும். வேலையை விட்டுப் போகிறவருக்கு எழுத்தில் சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு: திருப்தியாக வேலை செய்தார் என்பதற்கு முன்னால் 'எப்போதும்' என்ற சொல் விடுபட்டால் ஒரு கிரேடு இறங்கிவிடும். கட்டுமானப் பொருள் கடை ஒன்றில் மேலாளராக வேலை பார்த்தவர், நல்ல சான்றிதழ் கிடைத்தும் கடைசியில் நன்றி என்று ஒரு வரி இல்லையே என்று வழக்குப் போட்டார், அது மத்தியத் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. நன்றி என்பது மனசில் இருந்து வர வேண்டியது, எழுது என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. அதனால் யாராவது அந்த வரியை எழுதினால் அதற்கு அவ்வளவு மதிப்பு. உங்கள் மேலாளர் வேறு துறைக்கு மாறுகிறார் என்று தெரிந்தால், இடைக்காலச் சான்றிதழ், அதாவது வேலையில் இருக்கும்போதே வாங்கும் சான்றிதழ், ஒன்று அவர் கையாலேயே கேட்டு வாங்கி வையுங்கள், தயங்காதீர்கள்.