மோதினாலும் அசையாத பற்றரி: போட்டி ரோபோ குறித்த கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ரோபோ அணிகளுக்கு வழிகாட்டிவரும் மின் பொறியியலாளர் ஒருவர், மாணவரும் ஆசிரியரும் கேட்டவற்றுக்குப் பதிலளிக்கிறார்.

கல்லடி மாணவர்: சேர், எங்கள் பெரிய ரோபோவில் ஏறக்குறைய 6 கிலோகிராம் எடையுள்ள 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியை ஒரு பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். மோதும்போது அது முன்னால் வழுக்குகிறது. இரண்டாவது பட்டி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது, தம்பி. பட்டியின் வேலை பற்றரியை மேலெழ விடாமல் வைத்திருப்பது மட்டுமே. பக்கவாட்டில் வரும் விசையைச் சுவர்கள்தான் தாங்க வேண்டும். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடும் ரோபோ மோதி 0.05 செக்கனில் நின்றால், உங்கள் பற்றரியை நிறுத்துவதற்கு 360 நியூற்றன் விசை தேவை. அது ஏறக்குறைய 37 கிலோகிராம் பொருளொன்றைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். எனவே, பற்றரியின் உயரத்தில் பாதியளவாவது எழும் நான்கு பக்கச் சுவர்களை எல் வடிவ அலுமினியக் கோணச் சட்டத்தால் ஒரு தட்டுப்போல அமைத்து, அவற்றை ஒட்டுப்பலகையில் அல்லாமல் பிரதான சட்டத்திலேயே நட்டும் போல்ட்டுமாகப் பிணையுங்கள். சுவருக்கும் பற்றரிக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும், பற்றரி அதற்குள் ஓடிப்போய்ச் சுவரில் இடிக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அந்த இடைவெளியை நிரப்பலாம். பிறகு பட்டியைக் கழற்றிவிட்டு ரோபோவை முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். பட்டி இல்லாமலே பற்றரி அசையாதிருந்தால்தான் தட்டு சரியானது. பட்டியை மாட்டிய பின் ரோபோவைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியின் விதியும், ரோபோ எந்த நிலையில் கவிழ்ந்தாலும் பற்றரி கழன்றுவிடக் கூடாது என்றே சொல்கிறது.

அக்கரைப்பற்று ஆசிரியர்: பற்றரியை எந்த இடத்தில் வைப்பது நல்லது?

பதில்: இயன்றவரை தாழ்வாக, உந்தும் சில்லுகளுக்கு அருகில் வையுங்கள். அதன் எடை அந்தச் சில்லுகளில் விழுந்தால் பிடிமானம் கூடும். ஆனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் வேறெதையும் கழற்றாமல் பற்றரியை மாற்ற வழியிருக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்துவிடுங்கள், ஆசிரியரே. மாணவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

காத்தான்குடி மாணவி: சேர், எதிராளியை வளையத்துக்கு வெளியே தள்ளும் எங்கள் 500 கிராம் சுமோ ரோபோவில் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் கலங்கள் இரண்டைச் சுருள்வில் உள்ள கூட்டில் போட்டிருக்கிறோம். எதிராளி இடித்தவுடன் ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ பலகை மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. புரோகிராமில் பிழையா?

பதில்: புரோகிராமைத் தொடுவதற்கு முன் கூட்டைப் பாருங்கள், மகள். ஒரு கலம் ஏறக்குறைய 45 கிராம் எடையுள்ளது. அது ரோபோ ஓடும் திசையிலேயே நீளவாக்கில் படுத்திருந்தால், இடிபடும் கணத்தில் தன் எடையாலேயே சுருள்வில்லை அமுக்கி மறுமுனைத் தொடுகையை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியே ஆர்டுயினோவை நிறுத்திவிடப் போதும். கூட்டை ஓடும் திசைக்குக் குறுக்காகத் திருப்பினால், முன்னாலிருந்து வரும் இடி வில்லின் வழியே போகாது. பக்கவாட்டு இடியும் உண்டாகையால், கலங்களுக்கு மேலே ஒரு மூடியோ பட்டியோ அவசியம். மின்வழங்கலுக்குக் குறுக்கே, மின்னைச் சற்றுச் சேமித்துவைக்கும் பெரிய கொள்ளளவி ஒன்றை வைப்போர் உண்டு. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 18650 கலத்தின் உடல் முழுவதும் எதிர்முனையே. நேர்முனையைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்தால், பக்கத்திலுள்ள திருகாணித் தலைகூடக் குறுஞ்சுற்றை உண்டாக்கும். கூட்டுக்கு அடியில் தலை புதையும் திருகாணிகளையே பயன்படுத்துங்கள். கலத்தின் மேல் நேரடியாக ஈயப்பற்று வைக்க வேண்டாம். அந்தச் சூடு கலத்தைக் கெடுக்கும்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்: லித்தியம் பொலிமர் பற்றரியைக் கேபிள் டையால் நேரடியாகக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அதற்கு உலோகக் கூடு இல்லை. மென்மையான பை மட்டுமே. ஒடுங்கிய டை அந்தப் பையை வெட்டக்கூடும். பற்றரி வீங்கினால் விட்டுக்கொடுக்கவும் மாட்டாது. அகலமான வெல்க்ரோ பட்டியும் அடியில் மெல்லிய ஃபோமும் போதும். கீழ்த்தட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனைகளை முதலில் அராவிவிடுங்கள். உருகியை (ஃபியூஸ்) பற்றரிக்கு மிக அருகில் வையுங்கள். பற்றரிக்கும் உருகிக்கும் இடையிலுள்ள வயரைக் காப்பதற்கு வேறெதுவும் இல்லை. வீங்கிய பற்றரியைத் துளைத்துப் பார்ப்பது தீயை வரவழைக்கும்.

கல்முனை மாணவர்: சேர், பற்றரி நிறைய ஏற்றமிருந்தும் சில மோதல்களுக்குப் பிறகு ரோபோ சோர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பற்றரியில் வயரை மாட்டும் முடிவிடத்து போல்ட் தளர்ந்திருக்கும். தொடுகையில் 0.02 ஓம் தடை கூடினாலே, 100 அம்பியர் ஓடும்போது 2 வோல்ற்று அங்கேயே போய்விடும். ரோபோ நிற்கும்போது பல்மானியால் அளந்தால் இது தெரியாது. வில் வளையம் போட்டு இறுக்கி, வயரைச் சற்றுத் தளர்வாக விட்டு அதைச் சட்டத்தில் கட்டுங்கள். இழுவை முடிவிடத்துக்குப் போகக் கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும். துடைத்து இறுக்கிய பிறகு வாசலின் பூசுங்கள்.

ஏறாவூர் ஆசிரியர்: போட்டிக்குக் கொழும்புக்குப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுசெல்வது?

பதில்: லித்தியம் பற்றரிகளை ரோபோவிலிருந்து கழற்றி, ஒரு கலத்துக்கு 3.8 வோல்ற்று அளவில் ஏற்றம் வைத்து, முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடித் தனித்தனி உறைகளில் கையோடு எடுத்துச்செல்லுங்கள். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் அவற்றை விட்டு இறங்க வேண்டாம். ஈய அமிலப் பற்றரியை முடிவிடங்களை மூடி, நிமிர்த்தியபடி தரையில் வைக்கலாம். ஸ்பானர்கள் கிடக்கும் பெட்டிக்குள் எந்தப் பற்றரியையும் போடாதீர்கள்.