பஸ்கா விருந்துக்கு மக்ரூன்: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தினர் பஸ்கா முதல் நாள் இரவு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று கேக், பிஸ்கட் எல்லாம் ஆகாதாம். நம்மூர் மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி தவிர வேறு ஒன்றும் இல்லையே, செய்து எடுத்துப்போகலாமா? சாமான் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல யோசனைதான். பஸ்காவில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களும் புளித்த வடிவில் கூடாது. மாட்சா ரொட்டிகூடக் கோதுமைதான். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிடுவதால் அது தப்பிக்கிறது. யூதர்களே இந்தப் பண்டிகைக்கு மாவில்லாத தேங்காய் மக்ரூன் செய்கிறவர்கள். உங்கள் முந்திரி மக்ரூன் அதற்கு உறவுக்காரன் மாதிரி.

ஆனால் கடைக்குப் போகும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். கோஷர் என்கிற யூத உணவு விதிமுறையைக் கண்டிப்பாகப் பார்க்கிற வீடு என்றால், சாமான் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உங்கள் வீட்டு ஓவனில் வெந்ததை அவர்கள் சாப்பிட முடியாது. தோசை மாவு அரைத்த மிக்ஸி ஜாரில் முந்திரியைப் பொடித்தால் கதை முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, பஸ்கா முத்திரை உள்ள, சீல் பிரிக்காத இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போவதே மரியாதை. இல்லையென்றால் சாமானைப் பிரிக்காமல் கொண்டுபோய், முன்கூட்டியே அவர்கள் சமையலறையில் அவர்கள் பாத்திரத்தில் சேர்ந்து செய்யலாம். எனக்குக் கேட்டால் இதுதான் அழகு.

"நாங்கள் அவ்வளவு பார்ப்பதில்லை" என்றால் உங்கள் வீட்டிலேயே செய்யலாம். அப்போதும் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். வட்டத்துக்குள் 'யூ' என்ற எழுத்து மட்டும் இருந்தால் கோஷர், அவ்வளவுதான். பக்கத்தில் 'பி' இருந்தால்தான் பஸ்காவுக்கு ஆகும். 'டி' என்றால் பால் சேர்ந்தது. அன்றைய சாப்பாட்டில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், அதோடு பால் சேராது. ஆகவே தட்டில் வெண்ணெய் தடவாதீர்கள், பேக்கிங் தாள் போதும்.

பலர் கோட்டை விடுவது சர்க்கரையில். கடையில் விற்கும் பொடித்த சர்க்கரையில் பெரும்பாலும் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். ஐரோப்பிய வழி யூதர்களில் பலர் பஸ்காவில் மக்காச்சோளம், அரிசி, பருப்பையும் தொடுவதில்லை. சாதாரண வெள்ளைச் சர்க்கரை வாங்குங்கள். முந்திரி வறுக்காததாக, உப்பு, எண்ணெய் எதுவும் சேராததாக இருக்கட்டும். வெள்ளைக்கரு நிற்க க்ரீம் ஆஃப் டார்ட்டர் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது ஒயின் தயாரிப்பில் கிடைக்கும் பொருள், தனி முத்திரை வேண்டும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு அந்த வேலையைச் செய்யும்.

அளவு: 3 வெள்ளைக்கரு, 150 கிராம் சர்க்கரை, 150 கிராம் கொரகொரப்பாகப் பொடித்த முந்திரி. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடையுங்கள்; இரத்தப் பொட்டு இருந்தால் கோஷருக்கு ஆகாது. வெள்ளைக்கரு நன்றாக நுரைத்த பிறகு சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, கடைசியில் முந்திரியைக் கையால் கலந்து, 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் மொறுமொறுவென்று வரும்.

கேள்வி: மாட்சா பெட்டி ஒன்றில் 'பஸ்காவுக்கு அல்ல' என்று போட்டிருக்கிறது. ஏமாற்றா?

பதில்: இல்லை. வருடம் முழுக்க விற்கிற சாதாரண மாட்சா அது, பண்டிகைக்கான கண்காணிப்பில் சுட்டதல்ல. டீயோடு கடிக்க வாங்கலாம், விருந்துக்கு வேண்டாம். பண்டிகைச் சமயத்தில் சில சூப்பர் மார்க்கெட்டுகள் குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கினால் 5 பவுண்டு பஸ்கா மாட்சாவை இலவசமாகவே தருகின்றன, பில் போடுமுன் கேட்டுப் பாருங்கள்.