உறுமினால் அடிக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குத் தேனி மாவட்டம் கூடலூர். என் கணவர் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறார். எங்களிடம் நாலு வயதில் ஒரு கோம்பை நாய் இருக்கிறது, பெயர் செவலை. மூன்று வருஷம் மாமனாரின் திராட்சைத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பகல் முழுக்க வாசலில் சங்கிலியில் கிடக்கும், ராத்திரி உள்ளே படுக்கும். என் மூன்று வயது மகள் சோற்றுத்தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது. உறுமும்போதெல்லாம் அவர் குச்சியால் அடிப்பார். போன வாரம் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்ததை இவள் தவழ்ந்துபோய்க் கட்டிப்பிடிக்க, கன்னத்தில் பல் பட்டுவிட்டது. கீறல்தான், ரத்தம் வரவில்லை. நாய்க்கு வருஷாவருஷம் ஊசி போடுவதால் பிள்ளைக்கு ஊசி போடவில்லை. மாமியார் நாயைக் கம்பம்மெட்டு மலையில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். மகளோ அது இல்லாமல் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், தாமதமானாலும் ஊசி போட்டே ஆகவேண்டும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. முகத்தில் பட்டிருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 3, 7, 28ஆம் நாட்களில் தோலுக்குள் போடுவார்கள். கட்டணம் கிடையாது. ஒரு தவணையையும் விடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025இல் கேரளத்தில், ஊசி போட ஆரம்பித்த பிறகும் குழந்தைகள் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயில் இறந்ததை நம் பக்கத்தில் எல்லோரும் மலையாளச் சேனல்களில் பார்த்தோம். இந்தக் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். முகம், தலை, கழுத்தில் கடி என்றால் அது போகவேண்டிய தூரம் குறைவு, நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பது பெரிய பாதுகாப்புதான், ஆனால் அதை நம்பிப் பிள்ளைக்குப் போடாமல் விடக்கூடாது. இனி எப்போது பல் பட்டாலும், நகம் பட்டாலும், முதலில் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், பிள்ளை அழும்போது இரண்டு நிமிஷமே பதினைந்து மாதிரி இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

மலையில் விடும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். கடித்த நாயை 10 நாள் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் அது நன்றாகத் தின்று நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று நிம்மதியாகலாம். கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்தத் தகவலே நமக்குக் கிடைக்காது. வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, செவலைக்கு வருவோம்.

உறுமியதற்கு அடித்ததுதான் இதில் நடந்த பெரிய தவறு. உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளையைப் பார்த்து நாய் பல்லைக் காட்டினால் எந்தத் தகப்பனுக்கும் கை ஓங்கத்தான் தோன்றும். ஆனால் உறுமுவது நாய் நமக்குச் சொல்லும் கடைசிக்கு முந்தின வார்த்தை. 'கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்கிறது. அதற்கு அடி விழுந்தால் பயம் போகாது, உறுமல்தான் போகும். ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றில் இப்படி ஒரு நாயைப் பார்த்தேன். 'இப்பல்லாம் உறுமுறதே இல்ல டாக்டர், அடிச்சே திருத்திட்டோம்' என்று பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டுப் பையனைச் சத்தமே இல்லாமல் கடித்துவிட்டது. போதாததற்கு, பிள்ளை பக்கத்தில் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், இவள் வந்தாலே வலிதான் என்று நாய் மனதில் முடிந்துகொள்ளும்.

உறுமலுக்கு முன்னாலேயே அது நிறையச் சொல்லியிருக்கும். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். பிள்ளை கிட்டே வரும்போது, தின்பதற்கு எதுவும் இல்லாமலே நாக்கு மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டும். அப்போது கண்ணின் ஓரத்தில் வெள்ளை, பிறைநிலா மாதிரி தெரியும். கடைசியாக உடம்பு அப்படியே விறைத்து நிற்கும், தின்றுகொண்டிருந்த வாய்கூட நின்றுவிடும். அந்த விறைப்புக்குப் பிறகு கடிக்கு ஒரு நொடிதான். வால் ஆடுகிறதே என்று நினைக்காதீர்கள், விறைத்து மேலே நின்று ஆடும் வாலுக்கு வேறு அர்த்தம். பிள்ளை நாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற போட்டோக்களை எனக்கு அனுப்புவார்கள். பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு நாயின் முகத்தைப் பார்த்தால், பாதிப் படங்களில் இந்தப் பிறைநிலா இருக்கும்.

கட்டிலுக்கு அடியில் நடந்ததை நாயின் பக்கமிருந்து பாருங்கள். மூன்று புறமும் அடைப்பு, ஒரே வழி, அந்த வழியில் ஒருவர் தவழ்ந்து வந்து கழுத்தை இறுக்குகிறார். நமக்குக் கட்டிப்பிடிப்பது பாசம், நாய்க்கு அது பிடிபடுவது. மூன்று வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில்தான் இருக்கும், அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு முகத்திலேயே கடி விழுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு கோம்பை கீறலோடு நிறுத்தியிருக்கிறது என்றால், அது தன்னை அடக்கிக்கொண்டுதான் எச்சரித்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். அதற்காக இன்னொரு தடவை நடக்க விடலாம் என்று அர்த்தமில்லை.

அடுத்து மாட்டாஸ்பத்திரி. நன்றாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தால் முதலில் வலியைத்தான் தேடவேண்டும். காதில் சீழ், உடைந்த பல், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நாயைத் தொடவிடாமல் செய்யும். தோட்டத்து நாய்களின் காதில் புல்லின் முள் ஏறி மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பிள்ளை ஆசையாகக் காதைப் பிடிக்கும், நாய்க்கு வலியில் உயிர் போகும். கூடலூரில் பார்த்துச் சரியாகவில்லை என்றால் தேனியில் 2020இல் ஆரம்பித்த அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருத்தடை செய்தால் சாந்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களோடு சண்டையும் குறையலாம், பயத்தில் கடிப்பதை அது மட்டுமே மாற்றாது.

செவலையின் வாழ்க்கையும் தலைகீழாக மாறியிருக்கிறது. கோம்பை என்றால் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பக்கத்து ஊர். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். ராத்திரி முழுக்கப் பந்தலுக்கு அடியில் சுற்றிவந்த நாயை நாலடிச் சங்கிலியில் போட்டால், விலகிப் போக வழியில்லாத நாய்க்கு மிஞ்சுவது பல் மட்டும்தான். காலையும் மாலையும் அரைமணி நேரமாவது கயிற்றில் பிடித்து நடத்துங்கள். முல்லையாற்றுப் பக்கம், தோப்புப் பக்கம், நின்று நின்று மோப்பம் பிடிக்கட்டும்.

வீட்டுக்குள் இன்று ராத்திரியிலிருந்தே ஓர் ஏற்பாடு வேண்டும். நாய்க்கு என்று ஒரு மூலை, பின்கட்டோ திண்ணையோ, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்புக் கதவு. தச்சரிடம் சொன்னால் அரை நாளில் அடித்துத் தருவார். சோறு அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான், தின்று முடித்துத் தட்டை எடுத்தபிறகுதான் கதவு திறக்கவேண்டும். கட்டிலுக்கு அடியைப் பெட்டி வைத்து அடைத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் பிள்ளையும் நாயும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது காவல் ஆகாது.

தின்னும்போது தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தால் பழகிவிடும் என்பார்கள். அது நோயை ஏற்றும் வைத்தியம். அதற்குப் பதிலாக, செவலை தின்னும்போது நீங்களோ உங்கள் கணவரோ எட்டடி தள்ளி நடந்துபோங்கள். போகிற போக்கில் எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடுங்கள். ஆள் வந்தால் சோறு பறிபோகாது, கறி வரும் என்று அதற்குப் பதியவேண்டும். உடம்பு தளர்ந்து, உங்களைப் பார்த்ததும் ஆவலாகத் தலை தூக்கினால் ஓர் அடி கிட்டே, விறைத்தால் இரண்டடி பின்னால். இதைப் பிள்ளையை வைத்துச் செய்யவே கூடாது. பிள்ளைக்கு வேறு: தடுப்புக்கு அந்தப் பக்கம், தூரத்தில் அவள் விளையாடும்போது செவலைக்குத் துண்டு துண்டாகக் கறி, அவள் உள்ளே போனதும் கறி நின்றுவிடும். வாரக்கணக்கில் ஆகும். வயதைப் பார்த்தால் மாறும் என்றுதான் நினைக்கிறேன்.

வாய்க்கூடும் பழக்குங்கள், போரடிக்கும் மாட்டுக்குப் போடுவது மாதிரி. உள்ளே வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கவேண்டும். கயிறோ துணியோ சுற்றி வாயைக் கட்டிவிடாதீர்கள். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் நாய் சூட்டைத் தணிக்கும், வெயிலில் வாய் கட்டுண்ட நாய் செத்தே போகலாம்.

மகளிடம் மூன்று விஷயம் போதும். செவலை தின்னும்போது போகாதே, தூங்கும்போது தொடாதே, கட்டிப்பிடிக்காதே. மூன்று வயதில் சொன்னது மறந்துபோகும், அதனால்தான் கதவு. அதுவே அவளைத் தேடி வந்தால், நீங்கள் பக்கத்தில் இருந்து, தோள்பட்டையை இரண்டு தடவை தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் வேண்டுமென்றால் செவலையே சாய்ந்து கொடுக்கும், இல்லையென்றால் நகர்ந்துவிடும். நகர்ந்தால் விட்டுவிட வேண்டும். சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் எச்சரிக்காமல் பாய்ந்தாலோ, பல் ஆழமாக இறங்கினாலோ, பிள்ளை வளரும் வீட்டில் அதை வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். அப்போது குழந்தைகள் இல்லாத தோட்ட வீடு பார்த்துக் கொடுங்கள், கொடுக்கும்போது கன்னத்துக் கீறல் உட்பட நடந்தது அத்தனையும் அவர்களிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். அவர்கள் வீட்டுக்கும் ஒருநாள் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள்.